ஞாயிற்றுக்கிழமை கழித்த கண்ணூறு

நாங்கள் நாட்டைவிட்டு வந்து மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் குடியிருந்தபோது, எங்கள் தலைக்கு மேலே ஓர் ஐஸ் ஹொக்கி வீரன் நடந்து திரிந்தான். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒரு பிள்ளையும் நம்பவில்லை. வீட்டுக்காரியின் ஒரே மகன் அவன், இருபத்திரண்டு வயது. அவன் நடந்தால் எங்கள் குசினி விளக்கு ஆடும். அம்மா அண்ணாந்து பார்த்து, "பெடியன் வந்திட்டான் போல" என்பார்.

ஆனால் அவன் வீட்டுக்கு வருவது அருமை. பெரிய அணி ஒன்று அவனை ஒப்பந்தம் செய்து, தன்னுடைய கீழணியில் ஆட விட்டிருந்தது. எல்லைக்கு அப்பால் எங்கேயோ சின்னச் சின்ன ஊர்கள். ஆட்டம், பஸ், பிறகும் ஆட்டம். அவன் கோல் போடுகிறவன் அல்ல. தங்கள் கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனை உடம்பால் மறிக்கிறவன். அப்பா அப்போது ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். அவருக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துவிட்டது. "அவனும் என்ரை வேலைதான் செய்யிறான். உள்ளை விடாமல் நிக்கிறது. என்னை ஒருத்தரும் ரிவியிலை காட்டேல்லை, அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் பெரிய அணி அவனை மேலே அழைத்தது. யாரோ ஒருவனுக்கு முழங்கால் போனதால் கிடைத்த இடம். வீட்டுக்காரி படியிறங்கி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து அவரும் கூட அழுதார். நான்தான் இடையில் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது வயதில் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

முதல் ஆட்டத்தை ரிவியில் பார்க்க எங்களையும் மேலே கூப்பிட்டார்கள். அம்மா மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனார். பக்கத்து வீட்டுக்காரர்கள், அவன் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர், பேப்பரில் வந்த படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்த ஒரு கிழவர் எல்லோரும் இருந்தார்கள். அவன் பனித்தரையில் இறங்கியதும் வீடே எழுந்து நின்றது. என்ன உயரம், என்ன தோள், இந்தத் தெருவிலிருந்து இப்படியொருவனா என்று ஆளுக்கொரு வாய். அம்மாவுக்கு வார்த்தை விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது. என் காதுக்குள் குனிந்து, "உப்பிடிப் புளுகினால் பெடியனுக்குக் கண் படாமல் இருக்குமே?" என்றார்.

சில ஆட்டங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஓர் இரவு, மூலையில் பந்தை எடுக்கக் குனிந்தவனை ஒருத்தன் முழுவேகத்தில் வந்து மோதினான். அது பந்து அல்ல, கறுப்பு ரப்பர் வட்டு. ஆனால் எங்கள் வீட்டில் கடைசிவரை அதற்குப் பந்து என்றுதான் பெயர். அவன் தலை கண்ணாடிச் சுவரில் அடித்தது. விழுந்தவன் எழுந்தான், தலைக்கவசத்தைச் சரி செய்தான், ஒழுங்காகச் சறுக்கிக்கொண்டு போய் எதிரணி வீரர்கள் வரிசையாக உட்காரும் வாங்கில் ஏறி உட்காரப் பார்த்தான்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ரிவியில் வர்ணனை சொன்னவர்களும் சிரித்தார்கள். எதிரணிக்காரன் ஒருத்தன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டான். அதிகமாகச் சிரித்தவர் வீட்டுக்காரிதான். சின்ன வயதிலும் இவனுக்குத் தன்னுடைய வகுப்பறை தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தலை கொஞ்சம் குலுங்கிவிட்டது, ஓய்வெடுத்தால் சரி என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை எங்கள் குசினி விளக்கு ஆடவில்லை. அவன் யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. அப்பா எங்கள் ரிவியின் குரலை அடக்கிவிட்டார். அம்மா தேங்காய் உடைப்பதற்கு வெளியே பனிக்குள் போனார். மேலேயிருந்து சில நேரம் அவன் ஓங்காளித்துச் சத்தி எடுப்பது கேட்கும். அப்போது நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்போம்.

வீட்டுக்காரி ஒருநாள் எங்கள் படியில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். திங்கட்கிழமை அணியின் மருத்துவர் அவனைப் பார்க்கிறார். தலையிடி இல்லை, எல்லாம் சரி என்றால் திரும்பவும் ஆடலாம். இல்லையென்றால் அவனுடைய இடத்தில் வேறொருவன் வந்து நிற்கிறான். வந்தவன் நிலைத்துவிட்டால் பிறகு இவனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நாலு வயதிலிருந்து விடியமுன் எழுந்து, குளிரில் கார் ஓட்டி, இந்த ஓர் இடத்துக்காகத்தான் மகனைக் கொண்டுவந்தேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பிக்குக் கண்ணூறு. கழிச்சுவிட்டால் எழும்பியிடுவான். அன்ரியைக் கேள், கழிக்கட்டோ எண்டு" என்றார்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? சனம் அவனை அளவுக்கு மிஞ்சிப் பார்த்துவிட்டது, அதனால்தான் இந்த நோய் வருத்தம் என்றேன். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்ப்பதற்குத்தானே ரிக்கெற் வாங்குகிறார்கள் என்றார். பிறகு, தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தியாயிற்று, இதிலும் கெடுதல் ஒன்றுமில்லைத்தானே என்று ஒத்துக்கொண்டார்.

முறைப்படி அதைச் செவ்வாயோ வெள்ளியோதான் கழிக்க வேண்டும். ஆனால் வெள்ளி போய்விட்டது, மருத்துவர் செவ்வாய்வரை காத்திருக்கப் போவதில்லை. அம்மா மனமில்லாமல் ஞாயிறு பின்னேரத்துக்கு இறங்கிவந்தார். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு வீட்டில் இருந்தன. முச்சந்தி மண்தான் சங்கடம், ஊரெல்லாம் பனி. அப்பா ஸ்டீல்ஸ் சந்திவரை நடந்துபோய், வழுக்காமல் இருக்க நகரசபை தெருவில் எறிந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். "இதிலை உப்பும் அவங்களே கலந்துதான் வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

வீட்டுக்குள் எரித்தால் புகைமணி அடிக்கும், அந்தச் சத்தத்தில் அவன் தலை வெடித்துவிடும். அதனால் வீட்டுக்குப் பின்னால், கோடியில் வைத்துத்தான் எல்லாம் நடந்தது. வீட்டுக்காரி தன்னுடைய பாபிக்யூ அடுப்பைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துப் பற்றவைத்தார். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். அம்மாவுக்கு அவன் தோளே எட்டாது. குப்பைக்கான நீலப் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருத்தினோம். அம்மா எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி மூன்று முறை அவன் தலையைச் சுற்றி, துப்பச் சொன்னார். நான் மொழிபெயர்க்க முதலே அவன் துப்பிவிட்டான். ஹொக்கிக்காரனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டினார். கடுகு வெடித்தது. மிளகாய் கருகி மணம் எழும்பியது. காற்று புகையைத் தூக்கிக்கொண்டு போனதால் தொண்டை காறவில்லை, ஆனால் கருகல் மணம் கோடி முழுக்க நின்றது. நான் சால்வையால் மூக்கைப் பொத்தினேன். பக்கத்து வீட்டு யன்னல் திறந்து, என்ன எரிகிறது என்று ஒருவர் கேட்டார். அவன் மட்டும் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் சரிந்து, எப்போது மணக்கத் தொடங்கும் என்று மெதுவாகக் கேட்டான்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு உண்மையில் இருந்தது, இப்போது எரிந்துபோயிற்று என்று அர்த்தம். எங்களுக்கெல்லாம் மணக்கிறதே என்று அப்பா இழுத்தார். "எங்களுக்கு மணக்கும்தானே, எங்களிலையே கண் பட்டது? அவனுக்கு மணக்கேல்லை பாருங்கோ. எவ்வளவு கண் பட்டிருக்கு!" என்றார் அம்மா. வீட்டுக்காரிக்கு நான் விளங்கப்படுத்த, அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவன் எழுந்து உள்ளே போனான். குளிர் தாங்காமல் நானும் பின்னால் போய், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அவன் குசினியில் கோப்பி ரின்னைத் திறந்து மூக்கருகில் பிடித்தான். மூடி வைத்துவிட்டுக் கறுவாப்பட்டைப் பொடியை எடுத்தான். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் இளகிக்கொண்டிருந்த மீனுக்கு மேலே குனிந்தான். பிறகு சவர்க்காரம். எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. அவன் வைத்ததையெல்லாம் நானும் எடுத்து மணந்தேன். மீனுக்கு முகத்தைச் சுளித்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தான். திரும்பவும் கோப்பி ரின்னைத் திறந்து என்னிடம் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

பிறகு சிரித்தான். தலையிடி போய்விட்டது, அம்மாவுக்கு மிகவும் நன்றி, போய்ச் சொல் என்றான். நான் வெறும் காலோடு வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிர்காமத்தானைக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை மருத்துவர் அவனை ஆடலாம் என்று விட்டுவிட்டார். அம்மாவின் பெயர் எங்கள் சனத்துக்குள்ளே ஒரு சுற்று வந்தது. ஹொக்கிக்காரனையே எழுப்பி விட்டவர் என்று விட்பியிலிருந்துகூடக் கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புகழ் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அடுத்த அடி பெரிய அடி என்றுகூடச் சொல்ல முடியாது. தோள்தான் பட்டது. அவன் மரம் சரிவதுபோல் சரிந்தான், எழவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரியின் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதோடு அவன் ஆடவில்லை. வீட்டுக்கு வந்தவன் பழைய ஆளும் இல்லை. சொன்னதையே சொன்னான், சின்ன விஷயத்துக்குக் கதவை அறைந்தான், பிறகு தாயின் மடியில் தலைவைத்து அழுவது எங்களுக்குக் கேட்டது. கோடைக்கு வீட்டுக்காரி வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாவில் தமக்கையோடு போய் இருந்தார். போகிற அன்று மகன் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். அம்மா ரோல்ஸ் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எனக்குக் கையசைத்தான். என் பெயர்தான் அவனுக்கு வரவில்லை.

அம்மா இன்றைக்கும் தன்னைத்தான் குறை சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கழித்தது பிழை, செவ்வாய்வரைக்கும் மறித்து வைத்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளையை நானல்லவா அனுப்பினேன் என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன குளிர்காலத்தில் என் மகள் சறுக்கும்போது விழுந்து தலையில் அடிபட்டாள். அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருத்தி விரலை ஆட்டிப் பார்த்தாள், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். பிறகு, மணம் தெரிகிறதா, சாப்பாடு மணக்கிறதா என்று கேட்டாள். ஏன் அதைக் கேட்கிறீர்கள் என்றேன். தலையில் பலமாக அடிபட்டால் சிலருக்கு மணம் போய்விடும், அப்படிப் போனால் நாங்கள் பயப்படுவோம் என்று சாதாரணமாகச் சொன்னாள். மகளுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மணந்தது. நான்தான் நடைபாதையில் போய்ச் சுவரோடு நின்றேன்.

தனக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று அவன் அன்று அந்தக் குசினியில் தெரிந்துகொண்டான். வெளியே இரண்டு தாய்மார் கைகோத்து நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் நாலு வயதிலிருந்து ஏங்கிய இடம் போய்விடும். கோப்பி மணக்கிறதா என்று வேறு யாரிடம் கேட்பான்? என்னிடம்தான் கோப்பியை நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு என்றேன்.