மடியில் எப்போதும் பிள்ளை

தர்சினி மச்சாள் சிரித்தால் எங்கள் ஊர் கரம்பொனில் பஸ் நிற்கும் என்று நான் சொல்வதுண்டு. முழுப் பொய் இல்லை. சாரதி யாகப்பு அண்ணை ஒருநாள் உண்மையாகவே பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மச்சாள் முன்பள்ளி ரீச்சர். பிள்ளைகளோடு தவளை மாதிரித் துள்ளுவார். பிள்ளைகள் களைத்துப்போவார்கள், அவர் களைக்கமாட்டார். என் அண்ணன் ஆரூரன் அவரைக் கட்டி, லீவு முடியப் பிரான்சுக்குப் போய்விட்டான். மச்சாள், என் அம்மாவோடும் என்னோடும் எங்கள் வீட்டில்.

வயிற்றில் பிள்ளை இருந்தபோது கிளினிக்கில் மருத்துவமாது மீனலோசனி மிஸ் அவரிடம் சிறுநீரைப் பற்றிக் கேட்டாராம்: "தும்மேக்க, சிரிக்கேக்க சலம் கசியுதோ?" இருக்கிற வாங்கு நிறையச் சனம். பக்கத்தில் அம்மா.

"இல்லை மிஸ்."

அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு கேள்வியோ?"

பெடியன் பிறந்தபிறகு மச்சாளின் சிரிப்பு பாதியில் நின்றது, கரண்ட் போன ரேடியோ மாதிரி. நான் பகிடி விட்டால் தொடங்குவார், பிறகு காலை இறுக்கிக்கொண்டு எழும்புவார். உடுப்பில் ஈரம். "பாருங்கோ மாமி, பெடியன் நனைச்சுப்போட்டான்."

பிள்ளையை ஒருவரிடமும் கொடுக்கமாட்டார். தூங்கினாலும் மடிதான்.

"நாங்களென்ன பிடிச்சுத் தின்னப்போறமோ?" என்று அம்மா முகத்தை நீட்டினார். நயினாதீவுக்கு நேர்த்தி வைக்க அழைத்தபோதும் மச்சாள் வரவில்லை. படகு தூக்கிப்போடும், கோயிலில் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். அம்மா அதைத் தலைக்கனம் என்றார்.

பிறகுதான் அண்ணனின் பார்சல் வந்தது. பெட்டி நிறையப் பம்பர்ஸ், பிள்ளை நனைத்தாலும் வெளியே கசியாத பஞ்சுக் கச்சை. அம்மா பெடியனை மச்சாளின் மடியிலிருந்து பறித்து, ஒன்றைக் கட்டி, ராசா மாதிரித் தூக்கிக்கொண்டு திரிந்தார். அன்றைக்குப் பின்னேரம் நான் யாகப்பு அண்ணை பஸ்ஸை ஸ்ரார்ட் பண்ணுகிற மாதிரி உறுமிக் காட்டினேன். மச்சாள் தன்னை மறந்து சிரித்தார். பிள்ளை அம்மாவின் கையில், துளி ஈரமில்லாமல். மச்சாள் இருந்த கதிரைதான் நனைந்தது.

"தண்ணி ஊத்திப்போட்டன்," என்றார். பக்கத்தில் செம்புமில்லை, கிளாசுமில்லை.

அடுத்தநாள் பம்பர்ஸ் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. "அது போட்டாப் பிள்ளைக்குக் கொப்புளம் வருது மாமி." நான் பெடியனைப் புரட்டிப் பார்த்தேன். மாம்பழம் மாதிரி இருந்தான்.

இப்படி எவ்வளவு காலம்? பெடியன் நடக்கத் தொடங்கினால் யார்மேல் பழியைப் போடுவது?

மீனலோசனி மிஸ் வீட்டுக்கு வந்த அன்று அம்மா கதிரையை இழுத்துப்போட்டு மச்சாளுக்கு முன்னால் இருந்தார். மிஸ் பழைய கேள்வியை மச்சாளிடம் கேட்டார். அம்மா பதில் சொன்னார். "அவவுக்கு ஒண்டுமில்லை மிஸ். நல்ல சுகம்."

நான் பின்னால் போய் வேலிப் படலையைத் திறந்து, ஆட்டைக் கீரைப் பாத்திக்குள் விட்டேன். "அம்மா, ஆடு!"

அம்மா ஓடினார். நான் யன்னலுக்குக் கீழே இருந்தேன்.

"இப்ப சொல்லும் தர்சினி," என்றார் மிஸ். "பிள்ளை பெத்த கனபேருக்கு இருக்கு. பயிற்சி இருக்கு, தேவையெண்டா யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பலாம். நீர் சொன்னாத்தான் என்னால ஏலும்."

மச்சாள் மூச்சை இழுத்தது கேட்டது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தோட்டத்துப் பக்கம் அம்மா ஆட்டைத் திட்டிக்கொண்டு வந்தார். இந்த ஆடும் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்.

"இல்லை மிஸ். பெடியன்தான் நனைக்கிறான்."

"சரி. அடுத்தமுறை வரேக்கயும் கேப்பன்," என்றார் மிஸ். ஸ்கூட்டர் ஒழுங்கையில் திரும்பும்வரை நான் எழும்பவில்லை.

உள்ளே போனேன். அம்மா மூச்சு வாங்கியபடி, "ஆரடா படலையைத் திறந்தது?" என்றார். சேலை முழங்காலில், தலையில் கீரைத் தண்டு. அந்த ஓட்டத்தை நடித்துக் காட்ட எனக்குக் கைகால் துடித்தது. மச்சாளின் உதடும் துடித்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, மிஸ் பார்த்துவிட்டுத் தொட்டிலில் கிடத்திய பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப வேண்டாமடா," என்றார்.

நான் படலையைக் கட்டப் போனேன்.