பெயர் சொல்லும் உத்தியோகம்

எட்டு வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஊர்ப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாத பெயர்களை அவர்களுக்காக நான் சொல்ல வேண்டும். சம்பளம், பெயருக்கு ஒரு கடலை உருண்டை. வேலை கொடுத்தவள் என் அப்பாவின் தங்கை.

அத்தை எங்கள் வீட்டோடு இருந்தாள். மாமா பட்டாளத்தில் இருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். மல்லசமுத்திரம் சந்தையில் நின்று, பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று அத்தை பேசினால் கத்தரிக்காய்க் கூடைக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்பார்கள். "வந்துட்டாங்கய்யா வக்கீலம்மா" என்று முணுமுணுக்கும் ஆண்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்த வருஷம் ஓட்டர் பட்டியலைப் புதிதாக எழுத வந்தார்கள். பழைய பட்டியலில் எங்கள் தெருப் பெண்களெல்லாம் 'பழனியப்பன் சம்சாரம்', 'பெரியண்ணன் தாயார்' என்றுதான் இருந்தார்களாம். இந்த முறை சொந்தப் பெயரையும் புருஷன் பெயரையும் சொன்னால்தான் ஓட்டு. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா உட்காருவார், அதோடு சரி. ஆண்களோ தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, "இவளுக்கு எதுக்கு ஓட்டு?" என்று போய்விட்டார்கள்.

அத்தை விடவில்லை. ஒரு வாரம் பெண்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தாள். எதிர்வீட்டுப் பாவாயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி, பேரச் சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறஞ்சு போயிருமுங்களே!"

"சந்தையில நூறு பேரு பழனியப்பான்னு கூப்புடறாங்க. மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நீ சொன்னாத்தான் போயிருவாராக்கும்?"

பாவாயி அக்கா தலையை ஆட்டினாள். மூன்றாம் நாள் முதல் எழுத்து மட்டும் வெளியே வந்தது. அதற்கே வீட்டுக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டாளாம்! அலுத்துப்போன அத்தை என்னைக் கூப்பிட்டாள். "உனக்குப் புருசனும் இல்ல, பயமும் இல்ல. நீ சொல்லு சாமி."

சனிக்கிழமை வரிசையின் முன்னால் ராணி மாதிரி நின்றேன். ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்லிவிட்டு என்னை இடிப்பாள். நான் அவள் புருஷன் பெயரைக் கத்துவேன். ஏழெட்டுப் பேர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கவனமெல்லாம் கடலை உருண்டைக்குப் போய்விட்டது. பாவாயி அக்காவின் முறை வந்தபோது, அவளுக்குப் பின்னால் நின்றவளின் புருஷன் பெயரைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஐயோ, அவரு இல்லீங்க! எம்பட ஊட்டுக்காரரு பழனியப்பனுங்க!"

கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் பாவாயி அக்கா. எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பழனியப்பன் பீடி பிடித்தபடி முழு ஆயுசோடு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு யாரும் என்னைத் தேடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். என் உத்தியோகம் போயிற்று.

கடைசியாக அத்தை வந்தாள். புருஷன் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டார். அத்தை வாய் திறக்கவில்லை.

"பாருங்கடி, நமக்குப் பாடஞ் சொன்ன அம்மிணிக்கே வாய் வரல!" என்றாள் பாவாயி அக்கா. மறுபடி ஒரே சிரிப்பு. போன வேலை திரும்பிய சந்தோஷத்தில் நான் பாய்ந்துபோய், மாமா பெயரைப் பள்ளிக்கூடமே அதிரச் சொன்னேன்.

"அதை எழுதாதீங்க. எங்கப்பா பேரப் போடுங்க. அந்தத் தாள்ல அதுக்கும் எடம் இருக்குதுங்களே" என்றாள் அத்தை.

சிரிப்பு நின்றுவிட்டது. பாவாயி அக்கா மட்டும் வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தா எழுதினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவின் ஆயுசு மேல் அத்தைக்கு எத்தனை அக்கறை, பெயரை எழுதக்கூட விடவில்லையே என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மாமா பட்டாளத்தில் இல்லை, ஜேடர்பாளையத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்பது எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் தெரிந்தது.

நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. "ஆமா சாமி" என்று சொல்லி, பாக்கியிருந்த கடலை உருண்டையை என் கையில் வைத்தாள்.