சிவப்புப் பட்டை கழற்றிய திருவிழா

எங்கள் மாமா, முனியாண்டி சாமியைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாதவர். அம்மாவுக்கு மூத்தவர், மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் லாரி டயர் கடை ஒன்றில் வேலை. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளெல்லாம் இடிபட்ட பிறகும் தோட்டத்து முனியாண்டி கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது. வேலை விட்டு வந்ததும் கையில் படிந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு அங்கே விளக்கேற்றுவது மாமாவின் பொறுப்பு. கோயிலோடு சேர்த்து அங்கே கிடந்த நாய்களும் அவர் பொறுப்பில் வந்தன. முனியாண்டி வேட்டைக்குப் போகிற சாமி, நாயில்லாமல் எப்படிப் போவார் என்று கேட்பார். அந்த நாய்களில் டைகர் என்னுடையது. பெயர்தான் டைகர். இடி இடித்தால் ஓடிவந்து என் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொள்ளும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நாய்களுக்கு ஊசி போட ஒரு கூட்டம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சயாமில், அதாவது தாய்லாந்தில், வெறிநாய்க் கடியால் ஆட்கள் செத்திருந்தார்கள். நாய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது, லாரியில் ஏறி வந்தாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதனால் இரண்டு நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து எல்லைக்கு இரண்டு பக்கமும், லாரிகள் வந்து நிற்கிற ஊர்களிலும் ஊசி போடுவதென்று ஏற்பாடாம். வந்தவர்களில் ஒருவர் சயாமிய டாக்டரம்மா. அவர் பேசிய மலாய் எங்கள் மலாய் மாதிரி இல்லை, ஆனால் புரிந்தது.

"இது சாமி நாய்லா. முனியாண்டி பாத்துக்குவாரு. ஊசி போட்டா வேட்டைய மறந்துரும்," என்றார் மாமா.

"எந்த வேட்டைய சொல்றீங்கண்ணே? கோழிய பாத்தாவே ஓடுது," என்றார் அம்மா.

மாமா மசியவில்லை. ஆனால் அந்த டாக்டரம்மா கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்ததைப் பார்த்ததும் ஆள் இளகிவிட்டார். தானே டைகரைப் பிடித்துக் கொடுத்தார். ஊசி போட்ட ஒவ்வொரு நாயின் கழுத்திலும் டாக்டரம்மா ஒரு சிவப்புப் பட்டையை மாட்டினார். இதைக் கழற்றவே கூடாது, இது இருந்தால்தான் ஊசி போட்ட நாய் என்று தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழா வந்தது. அன்றைக்கு முதல் படையல் நாய்களுக்குத்தான். அவற்றை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மாலை போட்டு, இலை போட்டுப் பரிமாறுவோம். குளிப்பாட்டும்போது மாமா பட்டைகளைக் கழற்றினார்.

"யாரோ போட்ட பட்டையோடயா சாமி முன்னால நிக்கிறது? பூசை முடியட்டும், திரும்ப போட்டுக்கலாம்," என்று எல்லாவற்றையும் சூலத்தில் கொண்டுபோய் மாட்டினார். டைகர் தன் மாலையில் பாதியைப் பூசைக்கு முன்பே தின்றுவிட்டது.

படையலன்று எந்த நாய் வந்தாலும் விரட்டக் கூடாது, அது முனியாண்டி அனுப்பியது என்பது எங்கள் வழக்கம். அன்று பெரிய ரோட்டுப் பக்கமிருந்து யாரும் பார்த்திராத செம்பட்டை நிற நாய் ஒன்று வந்தது. கால்கள் பின்னின, வாயில் எச்சில் ஒழுகியது. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி இறங்கியிருக்கிறது என்று அதற்கும் ஒரு மாலையைப் போட்டார். அது டைகரின் இலைப் பக்கம் போனபோது நான் இலையை இழுத்தேன். சட்டென்று திரும்பி என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பெரிய காயமில்லை, பல் பட்ட இடத்தில் கொஞ்சம் ரத்தம்.

மாமா அதில் திருநீறு பூசினார். "சாமி கடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வெறிநாய் ஒன்று சுற்றுகிறது என்று ரோட்டுக்கடைக்காரர் யாரோ தகவல் கொடுத்திருக்கிறார். பட்டையில்லாத நாய்களைச் சுடச் சொல்லி அரசாங்கத்தில் ஆட்களை அனுப்பியிருந்தார்கள். பூசை முடிந்தும் மாமா பட்டைகளைத் திரும்ப மாட்ட மறந்திருந்தார்; எங்கள் கோயிலில் எந்த நாய்க்கும் பட்டை இல்லை. நானும் மாமாவும் ஓடிப்போனபோது செம்பட்டை நாய் கோயிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அந்தச் சத்தத்தை இடி என்று நினைத்தோ என்னவோ, டைகர் எங்கிருந்தோ என்னை நோக்கி ஓடி வந்தது. இன்னொரு சத்தம். டைகர் என்னிடம் வந்து சேரவில்லை.

நான் கத்தினேனா என்றுகூட நினைவில்லை. நேற்று மாலையைத் தின்ற வாய் மண்ணில் கிடந்தது. மாமா சுட்டவரிடம் போய் ஊசி போட்ட நாய், ஊசி போட்ட நாய் என்று மலாயில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பட்டை எங்கே என்று அவர் கேட்டார். மாமா சூலத்தைக் காட்டினார். சுட்டவர் துப்பாக்கியைக் கீழே இறக்கினார்.

கொஞ்ச நேரத்தில் அந்த டாக்டரம்மா வந்து இறங்கினார். அவர் எல்லாரையும் பிடித்துத் திட்டுவார், எனக்காக நியாயம் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். டைகரைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார். பிறகு என் காலில் திருநீற்றைப் பார்த்தார். எந்த நாய் என்று கேட்டார். மாமா செம்பட்டை நாயைக் காட்டினார்.

டாக்டரம்மா என்னை அப்படியே தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். "சாபுன், சாபுன்," என்று சோப்பைக் கேட்டு வாங்கி, காயத்தைத் தேய்த்தார், தேய்த்தார், நான் அலற அலறத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டைகர் அங்கே செத்துக் கிடக்க, ஆறிப்போன கடியைப் போட்டு இந்த அம்மாள் ஏன் இப்படிப் படுத்துகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதையும் அப்போதுதான் பார்த்தேன்.

ஈப்போ நகரத்துக்கு டாக்டரம்மா வந்த வண்டியிலேயே போனோம். அம்மா என் ஒரு பக்கம், டாக்டரம்மா மறுபக்கம். எங்கள் காலடியில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் இருந்தது அந்தச் செம்பட்டை நாயின் தலை. ஆய்வுக்கூடத்துக்கு அது, ஆஸ்பத்திரிக்கு நான். அதற்கு நோய் இருந்தது உண்மைதான் என்று பிறகு சொன்னார்கள். கையில் மாற்றி மாற்றி ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டேன். கடிபட்டு, கழுவாமல், ஊசியும் போடாமல் விட்ட பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்பதைத் தன் ஊரில் கண்ணால் பார்த்தவர் அந்த டாக்டரம்மா. நோய் தலைக்கேறிவிட்டால் மருந்தே கிடையாது என்பது அந்த வண்டியில் எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது. அவர் வழியெல்லாம் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். டைகருக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, அது நல்ல நாய், சாமிகிட்டப் போயிருக்கும், அழாதீங்க என்று எனக்குத் தெரிந்த மலாயில் நான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே போனேன்.