மாடியில் ஒரு லைன், கீழே ஒரு லைன்

புக்கிட் காத்திலில் ஒரு கடைவீட்டில் நடக்கும் டயாலிசிஸ் மையத்தில் நான் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கிறேன். படியேற முடியாதவர்கள் வருகிற இடம் என்பதால் மெஷின்களும் அவற்றைப் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸிகளும் கீழே, ஆபீஸ் மாடியில். முன்பெல்லாம் யாருக்காவது நேரம் மாறினால், தலைமை மிஸ்ஸி படிக்கட்டின் அடியில் வந்து நின்று ஒரு குரல் கொடுப்பார். மையத்து வேனை ஓட்டும் அண்ணனிடம் நான் சொல்வேன். அவர் போய் ஆளை ஏற்றி வருவார். எங்கள் தகவல் முறை அவ்வளவுதான்.

பிறகு கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. கீழே இருந்த கம்ப்யூட்டர்களுக்கு மெஷின் விற்ற கம்பெனி ஒரு நெட்வொர்க் போட்டுக் கொடுத்திருந்தது. மாடியில் இருந்தவை வேறு லைன், வேறு ஆள் இழுத்தது. இரண்டையும் இணைக்கக் கூடுதல் செலவாகும் என்று நிர்வாகக் குழு அதை விட்டுவிட்டது. கீழே பதிவதெல்லாம் இரவில் ஒரே ஒரு முறைதான் மாடிக்கு நகலாகி வரும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்டம் விற்றவர் கொடுத்த தாளில் ‘உடனுக்குடன்’ என்றுதான் போட்டிருந்தது.

குழுத் தலைவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். “இனிமே வாய்ச்செய்தி வேணாம். படிக்கட்டுல நின்னு கத்துறது பார்க்கவே நல்லால்ல. எல்லாம் சிஸ்டத்துல போடுங்க, அப்பதான் ரெக்கார்டு.”

தலைமை மிஸ்ஸி சொன்னதைச் செய்கிறவர். அன்றிலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டார்.

உம்பாயிலிருந்து வரும் பெரியவர் ஒருவரை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். லூபோக் சீனா பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். மகள் மீன் சுட்டு விற்கும் ஈக்கான் பாக்கார் கடையில் வேலை பார்க்கிறாள், அவளோடுதான் இருக்கிறார். அவருக்கு எப்போதும் மதிய நேரம்.

ஒரு நாள் காலையில் மையத்தின் தண்ணீர் வடிகட்டி பழுதாகத் தொடங்கியது. மதியம் அதை நிறுத்திச் சரி செய்ய வேண்டும். மதியத்துக்கு வர வேண்டியவர்களைக் காலையிலேயே வரவழைக்க மிஸ்ஸி முடிவு செய்தார். சொந்தமாக வருகிறவர்களுக்கு அவரே போன் செய்தார். வேனில் வருகிறவர் அன்று மாமா ஒருவர்தான். வேன் ஆபீஸின் பொறுப்பு. மிஸ்ஸி தன் கம்ப்யூட்டரில் அவருடைய நேரத்தை மாற்றினார், பச்சை விளக்கு வந்தது, மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் திரையில் மாமாவுக்கு மதியம் என்றே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேன் அவரை மதியம் கொண்டுவந்து இறக்கியபோது, தண்ணீர்க் குழாய்களைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள்.

“ஏன் இப்ப கூட்டிட்டு வந்தீங்க? காலையில மாத்திட்டேனே” என்றார் மிஸ்ஸி.

“மேல மாறலையே மிஸ்ஸி” என்றேன்.

“சிஸ்டத்துல போட்டேன் அக்கா. நீங்களே வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்து என் திரையைக் காட்டினேன். இல்லை. ஒரே கட்டடம், நடுவில் ஒரு படிக்கட்டு. இரண்டு திரையும் ஒரே மனிதரைப் பற்றி வேறு வேறு சொல்லின.

மிஸ்ஸி மற்ற மையங்களுக்கெல்லாம் போன் செய்தார். எங்கும் இடமில்லை. மறுநாள் முதல் ஆளாக வரச் சொல்லி, தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லி மாமாவை அனுப்பி வைத்தோம். விடிவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கி, மகள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

அந்த வாரமே சிஸ்டம் விற்றவரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். சட்டை கசங்காமல் வந்து உட்கார்ந்தார்.

“டேட்டா சரியாத்தான் இருந்துச்சு” என்றார். “சிஸ்டத்துல தப்பு இல்ல லா. யூசர் செக் பண்ணிக்கணும்.”

“எங்க செக் பண்றது? டேட்டா கீழ இருந்துச்சு, வேன் மேல இருந்துச்சு” என்றேன்.

“நைட் காப்பி ஆயிருமே ஆன்ட்டி.”

“நைட்டு அவர் ஆஸ்பத்திரியில இருந்தாரு.”

தலைவர் என் கம்ப்யூட்டரையும் கீழ் லைனில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். கீழே இத்தனை கம்ப்யூட்டருக்குத்தான் லைசென்ஸ், இன்னொன்று சேர்த்தால் புதுசாக வாங்க வேண்டும் என்றார் விற்றவர். குழு யோசிப்பதாகச் சொன்னது.

எனக்கு யோசிக்கப் பொறுமை இல்லை. மறுநாள் காலையில் வேன் அண்ணனோடு சேர்ந்து என் கம்ப்யூட்டரையும் மேசையையும் கீழே இறக்கினேன். “இதுக்குத்தான் இவ்ளோ காசு போட்டு நெட்வொர்க்கா?” என்று அவர் படிக்குப் படி முனகிக்கொண்டே வந்தார். மிஸ்ஸியின் மேசைக்கு ஒட்டினாற்போல் போட்டேன். மாடி வைஃபை அங்கே அரைகுறையாகத்தான் எட்டியது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மிஸ்ஸி எதையாவது மாற்றும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி அவர் திரையைப் பார்த்து என் திரையில் அடித்துக்கொண்டேன். இரண்டு நெட்வொர்க்கையும் சில மாதம் என் கழுத்துதான் இணைத்தது. தைலம் தேய்க்காமல் தூங்க முடியவில்லை.

மாமா இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். எடை மெஷினில் ஏறி நின்றபடி என்னைப் பார்த்து, “ஏம்மா, நீ மேலதான இருப்ப? கீழ தள்ளிட்டாங்களா?” என்றார்.

“நானாத்தான் வந்தேன் மாமா.”

“நல்லதாப் போச்சு. ஆளு கண்ணுல பட்டா நாங்களே கேட்டுக்குவோம்.”

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் மகள் சொன்னாள், போனில், நிறைய. கேட்டுக்கொண்டேன். லைன், லைசென்ஸ் என்று அவளிடம் விளக்கத் தொடங்கி, எனக்கே அசிங்கமாக இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன்.

கடைசியில் லைசென்ஸ் வாங்கினார்கள். கேபிள் இழுத்து இரண்டு லைனையும் இணைத்தார்கள். சிஸ்டம் விற்றவர் தலைவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். இனி மாடிக்கே போகலாமே என்றார்கள். கழுத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டேன்.

இப்போது கீழே எது மாறினாலும் அந்த நொடியே வேன் அண்ணனின் போனுக்குத் தகவல் போகிறது. படுக்கை மாறினால், மருந்து மாறினால், ஒருவர் எடை அரைக் கிலோ கூடினால்கூட. வண்டி ஓட்டும்போது விடாமல் கத்துகிறது என்று அவர் போனின் சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறார். அவசரம் என்றால் வேன் இந்நேரம் எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில், யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வீட்டு நம்பருக்கு நானே போன் அடித்து அவரிடம் சொல்கிறேன்.