அரியருக்கு யார் சோறு போடுவது

மே முதல் வாரத்தில் மாணவர்கள் லீவுக்கு ஊர் போக, காட்பாடி காலியானது. பெட்டிகளின் சக்கரச் சத்தம் மூன்று நாள் ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் காசி, நாற்பது லிட்டர் பாலை ஆறு லிட்டராகக் குறைத்தான். பதிமூன்று வருடமாக எல்லாக் கோடையிலும் இப்படித்தான். ஒடுகத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். போவதில்லை. கடையைத் திறந்து வைத்து, வராதவர்களுக்காக பெஞ்சைத் துடைப்பான்.

இந்த வருடம் பெஞ்சைத் துடைக்கவில்லை. பக்கத்துக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது பரந்தாமனின் ஜெராக்ஸ் கடை. உள்ளே சுவரோரம் ஒரு நாய்த் தீவனப் பை. அதற்கு மேலே, எந்த வேளைக்கு எவ்வளவு தீவனம் என்று, பரீட்சைக்கு ஒட்டுவதுபோல அச்சடித்த கால அட்டவணை. ஊருக்குப் போகும் முன் பூர்ணிமா என்ற மதுரைப் பெண் வைத்துவிட்டுப் போனது. நாயின் பெயர் அரியர். எத்தனை வருடமானாலும் காலேஜை விட்டுப் போகாது என்று பையன்கள் வைத்த பெயர். குட்டியாக அது முதலில் வந்து படுத்தது காசியின் அடுப்படியில். பூர்ணிமா மூன்று வருடம் டீ குடித்ததும் அவன் கடையில். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு அவன் கடையைத் தாண்டிப் போனாள். "வர்றேண்ணே" என்று சிரித்துவிட்டுத்தான் போனாள்.

பரந்தாமன் இருவேளையும் தட்டில் தீவனம் கொட்டி, அரியர் குனியும்போது போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவான்.

"பாத்தியா காசி, ஹார்ட் போட்டிருக்குது பொண்ணு."

"நாய்க்கா, உனக்கா?"

"இன்னாடா, வயித்தெரிச்சலா?"

மறுநாளிலிருந்து காசி ஆறு மணிக்கே வந்து, இரண்டு பன்னைப் பாலில் ஊறவைத்துக் கடைக்குப் பின்னால் வைத்தான். சாயங்காலம் வர்க்கி. வயிறு நிறைந்த நாய் பரந்தாமனின் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. போட்டோ எடுத்து அவன் உள்ளே போனதும் தீவனத்தைக் காக்கை தின்றது. காசி விசில் அடித்தபடி டீ ஆற்றினான்.

மூன்றாம் வாரம் அரியர் வாந்தி எடுத்தது. முதுகில் முடி கொட்டிப் புண்ணானது. பூர்ணிமா பரந்தாமனைத் திட்டுவது போன் ஸ்பீக்கரில் கேட்டது. காசி கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போக பரந்தாமன் கூப்பிட்டபோது நாய் ஆட்டோவில் ஏறவில்லை. காசி ஏறி உட்கார்ந்ததும் அவன் மடிக்குத் தாவியது.

வேலூர் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"தினம் சாப்பாடு யாரு போடறது?"

"நான்தான் சார்," என்றான் பரந்தாமன். அவன் கையிலிருந்த போனில், வீடியோவில் பூர்ணிமா இருந்தாள்.

"கண்டதையும் போட்டு வெச்சிருக்கீங்க."

"இல்ல சார், பையில இருக்கறது மட்டும்தான்."

காசி பேசாமல் இருந்திருக்கலாம். பழி முழுவதும் பரந்தாமன் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த 'நான்தான்' என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"அவன் போட்டத அது வாயிலயே வெக்கல சார். மூணு வாரமா நம்ம பன்னு, நம்ம பாலுதான்."

பரந்தாமன் போனைக் காசி பக்கம் திருப்பினான்.

"அண்ணே, பால் அதுக்கு ஆகாதுண்ணே," என்றாள் பூர்ணிமா. "அது வாலாட்டுனா நீங்க குடுத்துருவீங்க. அதாண்ணே உங்ககிட்ட பைய வைக்கல."

டாக்டர் ஊசி போட்டுவிட்டு மருந்துச் சீட்டை நீட்டினார். காசி வாங்கிப் படித்தான். உரிமையாளர் என்ற இடத்தில் பரந்தாமன் என்று இருந்தது.

"சார், அத அடிச்சிட்டு காசின்னு எழுதுங்க."