அங்கீகாரம் இல்லாத கை

தாணுமாலயனின் தலையில் வேறொருவரின் கத்தரி பட்டதில்லை. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தித் தானே வெட்டிக்கொள்வார். பின்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்பது திருவனந்தபுரம் கரமனையில் அவருக்குப் பின்னால் நடப்பவர்களுக்குத்தான் தெரியும். செருப்பு அறுந்தால் தைப்பார். மிக்சி நின்றால் பிரிப்பார். ஒருமுறை கடைவாய்ப் பல் வலித்தபோது குறடை எடுத்து வாய்க்குள் விட்டுப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் போனார்.

சாலை பஜாரில் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு எழுதுவது அவர் தொழில். அவருடைய அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து தங்கியவர். மனைவி முத்தாரம்மாள் அதிகம் பேசமாட்டாள். கணவர் எதையாவது பிரித்து மூட்டியபின் மிஞ்சிக் கிடக்கும் திருகுகளைப் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். பாட்டில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

கரமனையில் மழைக்காலத்தில் ஒரு தென்னை மட்டை கரண்டுக் கம்பியில் விழுந்தால் தெருவே இருண்டுவிடும். அப்படி ஒரு மழையில்தான் தாணுமாலயனுக்குச் சூரிய மின்சாரம் பற்றிய ஞானம் பிறந்தது. ஆள் வைத்துச் செய்யலாமே என்றாள் முத்தாரம்மாள்.

"ஆளா? அவனுக்கு ரெண்டு கையி, எனக்கும் ரெண்டு கையி" என்றார்.

இந்தி வீடியோக்கள் பார்த்துப் படித்தார். அவருக்கு இந்தி தெரியாது. கையைப் பார்த்தால் போதும், பேச்சு எதற்கு என்பது அவர் கட்சி. மாடியில் சூரியப் பலகைகள் ஏறின. மாடிப்படிக்கு அடியில் சுவரோடு சுவராக லித்தியம் பேட்டரி தொங்கியது. அது கிரணமாலா என்ற கம்பெனியின் சரக்கு. அட்டைப்பெட்டியில் ஒரு மனிதன் ஸ்குரூடிரைவரோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே, 'உங்கள் வீடு, உங்கள் கை' என்று எழுதியிருந்தது. தனக்காகவே அச்சடித்த வாசகம் என்று தாணுமாலயன் நம்பினார்.

வேலை செய்தது. அதுதான் கேடு. அடுத்த முறை தெரு இருண்டபோது வீட்டில் உள்ள விளக்குகளையெல்லாம், குளியலறை உட்பட, போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு, காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடி படித்தார். எதிர்வீட்டு ரத்னாபாய் டீச்சர் போனுக்குச் சார்ஜ் போட வந்தாள். போன் நிறைந்த பிறகும் விளக்கம் முடியவில்லை. அடுத்த முறை டீச்சர் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டாள்.

மறுவருட மழையில் பேட்டரியின் வயிறு உப்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. தாணுமாலயன் கலங்கவில்லை. வாரண்டி இன்னும் பல வருடம் இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார். ராகேஷ் என்றொரு பையன் எடுத்தான். பாலக்காட்டுக்காரன், இவர் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டான்.

"சார், பேட்டரி யாரு ஃபிட் பண்ணினது?"

"நாந்தான்" என்றார் தாணுமாலயன். அந்த ஒரு சொல்லை அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்போ வாரண்டி கிட்டாது சார். அங்கீகாரம் உள்ள டெக்னீஷியன் ஃபிட் பண்ணணும்."

"பெட்டியிலே 'உங்கள் கை'ன்னு போட்டிருக்கேளே!"

"உங்க கையால ஃபிட் பண்ணலாம் சார். வாரண்டி வேண்டாம்னா."

"திருவனந்தபுரத்துல உங்க டெக்னீஷியன் எங்க இருக்கான்?"

ராகேஷ் கம்ப்யூட்டரில் தேடினான். "ஆரும் இல்ல சார். உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

பிறகு அந்த வருத்தம் பலமுறை புரிந்துகொள்ளப்பட்டது. ஒருநாள் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள்; உப்புக்காற்று பட்டால் வாரண்டி இல்லையாம். திருவனந்தபுரத்தில் உப்புக்காற்று படாத வீட்டை நீங்களே காட்டுங்கள் என்று கத்தினார். இன்னொரு நாள் அறையின் வெப்பம் எவ்வளவு என்றார்கள். அவர் சொன்ன அளவைக் கேட்டு, அந்தச் சூட்டில் பேட்டரியை வைக்கக்கூடாது என்றார்கள். "அந்தச் சூட்டுல நான் ஐம்பத்தெட்டு வருசமா இருக்கேன்வே!" என்றார். அவருக்கு வாரண்டி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பேட்டரி விற்ற சுனிலைத் தேடித் தம்பானூருக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் அவன் ஆபீஸ். சுனில் எழுந்து நின்று நாற்காலி போட்டு, சாயாவும் வரவழைத்தான்.

"அண்ணாச்சி, நான் விக்க மட்டும்தான். பின்னே உள்ளதெல்லாம் கம்பெனியாக்கும். ஒரு வழி உண்டு. டெக்னீஷியன் ஆவதுக்கு கம்பெனி ஆன்லைன்ல கிளாஸ் நடத்துது. ஆருக்கும் சேரலாம். அண்ணாச்சியே சேந்தா பிரச்னை தீந்தில்லே?"

தாணுமாலயன் சேர்ந்தார். வகுப்பில் பேட்டரி பற்றி அதிகம் வரவில்லை. எந்தெந்தக் காரணத்துக்கு வாரண்டி மறுக்கலாம் என்பதே பெரும்பாடம். தேர்வில், 'கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் முதலில் என்ன சொல்வீர்கள்?' என்றொரு கேள்வி. பதிலை அவர் ராகேஷ் வாயால் மனப்பாடமாகும் அளவுக்குக் கேட்டிருந்தார். முதல் வகுப்பில் தேறினார். கழுத்தில் மாட்டும் அட்டையும் மஞ்சள் டி-ஷர்ட்டும் தபாலில் வந்தன. டி-ஷர்ட் தொப்புள் வரை வந்தது.

அன்றே போன் போட்டார். "இப்போ அந்தக் கைக்கு அங்கீகாரம் உண்டு தம்பி!"

"வாழ்த்துகள் சார். ஆனா ஃபிட் பண்ணும்போது இல்லையே."

பேட்டரியைக் கழற்றி, அதே ஆணிகளில் மறுபடி மாட்டினார். டெக்னீஷியனும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் போட்டோ வேண்டும் என்றார்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வலது கையால் இடது கையைப் பிடித்து எடுத்து அனுப்பினார். சொந்த வீட்டுக்குத் தானே சான்று கொடுக்கக்கூடாது என்று பதில் வந்தது. வேறு டெக்னீஷியன் வேண்டும். மாவட்டத்தில் இருந்த ஒரே டெக்னீஷியன் தாணுமாலயன்.

அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். முத்தாரம்மாள் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்து, "அந்தக் கிளாஸை எனக்கும் போட்டுத் தாருங்கோ" என்றாள்.

"உனக்கா? கறண்டைப் பத்தி என்ன தெரியும்ளா உனக்கு?"

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

ஒரே வீட்டு ஆள் ஆகாதே என்ற பயத்தில் ராகேஷிடமே கேட்டார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேடத்தோட இனிஷியல் வேறயா சார்?"

"அவ அப்பா பேருதான். சர்டிபிகேட்டெல்லாம் அப்படித்தான்."

"அப்போ சிஸ்டம் கண்டுபிடிக்காது. எழுதச் சொல்லுங்க."

முத்தாரம்மாள் தேறினாள், கணவரைவிடக் கூடுதல் மார்க். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாணுமாலயனும் சொல்லவில்லை.

பரிசோதனை நாளன்று சேலைக்கு மேல் மஞ்சள் சட்டை போட்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டி, போனும் கையுமாக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள்.

"யாரு ஃபிட் பண்ணினது?"

"என்னளா இது, தெரியாத மாதிரி..."

"கேக்கணும்னு பாடத்துல இருக்கு. யாரு?"

"நாந்தான்." இந்த முறை குரல் காற்றாகத்தான் வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பேட்டரியின் பக்கவாட்டில் காற்றுப் போக வைத்திருந்த துளைகளை அடைத்துக்கொண்டு, பழைய வரிக்கணக்குக் கட்டுகள் மேலே படியைத் தொடும் வரை அடுக்கிக் கிடந்தன. இடம் வீணாகிறதே என்று அவரே அடுக்கியவை.

"இதை எழுதணும்லா" என்றாள்.

"எழுதினா எல்லாம் போச்சு. கட்டுகளை எடுத்துரட்டா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மாட்டிய எதையும் அவள் எழுத்தில் குறை சொன்னதில்லை. இப்போது, காற்று வழி அடைத்திருந்தது, அடைத்தவர் வாடிக்கையாளர் என்று நிதானமாகத் தட்டி, போட்டோவும் சேர்த்து அனுப்பினாள். தாணுமாலயன் மாடிக்குப் போய்ப் பலகைகளின் நடுவே உட்கார்ந்துகொண்டார். அவள் காபியைப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

சில நாளில் ராகேஷ் அழைத்தான். "சார், அப்ரூவ் ஆயாச்சு. புது பேட்டரி வருது."

தாணுமாலயன் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "தம்பி, அந்த ரிப்போர்ட்டை... படிச்சேளா?"

"அங்கீகாரம் உள்ள டெக்னீஷியன் ரிப்போர்ட் வரணும்னு ரூல் உண்டு சார். படிக்கணும்னு ரூல் இல்ல."

புதுப் பேட்டரியை முத்தாரம்மாள்தான் மாட்டினாள். கணக்குக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. விஷயம் தெருவில் பரவியது. கிரணமாலா வாங்கிக் கைசுட்டுக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டு டெக்னீஷியன்கள் உள்ள வீடு என்று தெரிந்தும் எல்லாரும் முத்தாரம்மாள் சேச்சியைத்தான் கேட்டார்கள். தாணுமாலயன் ஒரு திருகைத் தொடுமுன் அரைமணி விளக்குவார் என்பது ரத்னாபாய் டீச்சர் மூலமாகப் பரவியிருந்தது. அவர் ஸ்கூட்டர் ஓட்டினார், ஏணி பிடித்தார், டார்ச் அடித்தார். முதல் சில வீடுகளில் மூச்சுவிடாமல் யோசனை சொன்னார். அவள் "உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்று சொன்ன நாளிலிருந்து நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் பொன்முடிப் பாதையில் விதுராவில் ஒரு வீடு. மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் முத்தாரம்மாளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, வெளியே ஏணியோடு நின்றவரைப் பார்த்து, "சேச்சி, ஹெல்ப்பருக்கும் சாயா எடுக்கட்டே?" என்றார்.

தாணுமாலயனின் கை சட்டைப்பையில் இருந்த தன் அட்டையைத் தேடியது.

"எடுங்க" என்றாள் முத்தாரம்மாள், பேட்டரியின் மூடியைக் கழற்றிக்கொண்டே. "சீனி போடாம. அவருக்குச் சுகர் உண்டு."