மார்பளவுக்கு முன்

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போனபோது என் கணவர் சட்டையோடு தண்ணீரில் நின்றார்.

"ஏலே, சட்டையக் கழத்துலே. பொம்பளைங்க பக்கம் போயி நிக்கப் போறியா?" என்று அவருடைய அண்ணன் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற எனக்கு மட்டும் காரணம் தெரியும். ஒரு வருடமாக அவருடைய மார்பு இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்து, எல்லார் முன்னும் மார்பளவு காட்ட வேண்டும். பிறகு ஓட்டம்.

அருவியிலிருந்து வந்த பிறகு, ஜிம்மில் பயிற்சி கொடுப்பவரிடம் மட்டும் சொன்னார். அவர் ஒரு மாத்திரை தந்தார். ஈஸ்ட்ரோஜன் கூடிவிட்டதாம், குறைத்தால் சரியாகிவிடுமாம். நான் விலங்கியல் படித்தவள். போனில் தேடியும் பார்த்தேன். பெண்ணுக்கான ஹார்மோன் ஆணுக்கு எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன்.

"இதப் போயி டாக்டர்ட்ட காட்டச் சொல்லுதியா?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. குழந்தையின் மருந்துக்கு வைப்பதுபோல அலாரம் வைத்து, தினமும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. ஒரு நாள் காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். அன்றே தென்காசியில் டாக்டரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் கேட்டார்:

"யாரு இத எழுதிக் கொடுத்தா? ஆம்பளைக்கும் ஈஸ்ட்ரோஜன் வேணும். எலும்பு உறுதிக்கு அது முக்கியம். நீங்க அடியோட வழிச்சு எடுத்துட்டீங்க."

"நிறுத்துனா மறுபடி வீங்குமா சார்?" என்றார் என் கணவர்.

"வீங்கலாம். வலி போகவும் கொஞ்ச நாளாகும்."

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாத்திரையை நிறுத்தினோம். முதலிலேயே அவரைப் பிடிவாதமாக அழைத்துப் போயிருக்கலாம். அப்போது கோபித்திருப்பார், அவ்வளவுதானே.

மறுநாள் குத்துக்கல்வலசைப் பக்கம் மைதானத்தில் ஓடிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் நொண்டி, நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வயசாயிட்டோ?" என்றபடி கூட ஓடியவர்கள் கடந்து போனார்கள். நான் குழந்தையோடு அருகே போனேன்.

"ஏட்டி, நீ வீட்டுக்குப் போ," என்றார். குரலில் கோபம் இல்லை.

காலைத் தேய்த்துவிடுவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல் நின்றேன். குழந்தை அப்பாவிடம் தாவியது. அவர் கையை நீட்டவில்லை. தூக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.